ஆழமற்ற கடலில் ஓர் அரிய புயல்: 2001-இன் வாமெயும் கடலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரிகளும்

2001 டிசம்பர் 27 அன்று பிற்பகல் நான்கரை மணியளவில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தின் தென்கிழக்குக் கரையை வாமெய் என்னும் புயல் கடந்தது. அன்று காலை எட்டு மணிக்கே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.5 டிகிரியில் இருந்த அந்தப் புயல் தைஃபூன் (மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் கடும்புயலுக்கு வழங்கும் பெயர்) வலிமையை எட்டிவிட்டதாக அமெரிக்கக் கூட்டுத் தைஃபூன் எச்சரிக்கை மையம் மதிப்பிட்டிருந்தது. அதற்கு முன் பதிவானவற்றுள் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே தைஃபூனானது 1956-ஆம் ஆண்டின் சாரா, அது 3.3 டிகிரியில் உருவானது. இந்த அகலாங்கில் புயலே தோன்றாது என்று பள்ளிப் புவியியல் பாடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஜோகூரிலும் பகாங்கிலும் 5 பேர் உயிரிழந்தனர். ஜோகூரின் செனாயில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சிங்கப்பூரில் மரங்கள் சாய்ந்தன, விமானங்கள் தாமதமாயின. இழப்பு இத்தோடு நின்றதற்குப் புயல் சற்று வடக்கே கரையேறியதும் அது அளவில் மிகச் சிறியதாக இருந்ததுமே காரணங்கள்.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் அம்மா போட்ட துணி நாள்கணக்கில் காயவில்லை. நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆள்களை ஏற்றிச் செல்லும் படகில் வேலை பார்த்த அப்பா, ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டின்போது, “ஒரு வாரமா அலை அடங்கவே இல்லப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். புயலைப் பற்றி எங்களில் எவருக்கும் அப்போது தெரியாது. பின்னாளில் கடல் மாதிரியாக்கத்தைத் தொழிலாகக் கொண்டபோதுதான், அப்பா குறிப்பிட்ட அந்த ஒரு வாரமே இந்நிகழ்வின் மையம் என்பது எனக்கு விளங்கியது. புயல் கரைகடந்த அந்த ஒரு நாளை விட, அதற்கு முந்தைய ஏழு நாள்களில் காற்றும் கடலும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்ட விதத்தையே ஒரு கணினி மாதிரி முதலில் சரியாகப் பிடிக்க வேண்டும் என்பது என் வாதம். இந்த ஆய்வு அதைக் காட்டவே எழுதப்படுகிறது.

புயல் எப்படித் தோன்றியது

புவி தன்னைத்தானே சுற்றுவதால் எழும் கொரியோலிஸ் விளைவுதான் பெரும்பாலான புயல்களுக்கு முதல் சுழற்சியைத் தருகிறது. அவ்விளைவு அகலாங்கின் சைன் மதிப்பைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டில் அது சுழியம். சென்னை அமைந்திருக்கும் 13 டிகிரியில் உள்ள அளவோடு ஒப்பிட்டால், வாமெய் உருவான 1.5 டிகிரியில் அது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே சுழற்சி வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

அது எங்கிருந்து வந்தது என்பதைச் சீ-பெய் சாங், சிங்-ஹுவாங் லியூ, ஹுங்-சி குவோ ஆகிய மூவரும் 2003-இல் விளக்கினர். வடகிழக்குப் பருவக்காலத்தில் ஆசியப் பெருநிலத்திலிருந்து குளிர்ந்த, வறண்ட காற்று தென்சீனக் கடலின் வழியே தெற்கு நோக்கிப் பாய்ந்து வரும். இதைப் பருவக்காற்று எழுச்சி என்போம். இயல்பாக ஓரிரு நாளிலோ சில நாள்களிலோ அடங்கும் இந்த எழுச்சி, அந்த டிசம்பரில் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. அதே வேளையில், வழக்கமாகப் போர்னியோவின் மேற்குக் கரையை ஒட்டி நிற்கும் காற்றுச் சுழல் கடலுக்குள் நகர்ந்து வந்து, தீபகற்ப மலேசியாவுக்கும் போர்னியோவுக்கும் இடைப்பட்ட குறுகிய நீர்ப்பரப்பில் நின்றுவிட்டது. வடக்கிலிருந்து வந்த காற்று அச்சுழலின் மேற்குப் பக்கத்தைத் தழுவி, நிலநடுக்கோட்டைத் தாண்டி, வளைந்து திரும்பி அதைச் சுற்றியது. ஓடும் நீர் தூணைச் சுற்றிச் சுழிப்பதுபோல. புவி தராத சுழற்சியை எழுச்சியின் காற்றே தந்தது. இத்தகைய பொருத்தம் 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரலாம் என்பது அம்மூவரின் மதிப்பீடு.

இந்த மதிப்பீட்டைக் கேட்டு, இனி நம் காலத்தில் நடவாது என்று இருந்துவிடலாமா? கூடாது என்பேன். அரிதாக இருந்தது அந்தப் பொருத்தம் மட்டுமே. அதன் உறுப்புகள் அரியவை அல்ல. பருவக்காற்று எழுச்சி ஒவ்வோர் ஆண்டும் சில முறை வருகிறது, போர்னியோச் சுழலும் அடிக்கடி தோன்றுகிறது. புயலாக மாறாதபோதும் அவை நகரை மூழ்கடிக்க வல்லவை. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டு நாள்களில் ஓர் எழுச்சியின்போது சிங்கப்பூரின் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். எனவே வாமெய்க்காகச் செய்யும் மாதிரியாக்கம் ஒரு புயலோடு முடிவதில்லை.

எண்களில் எழுந்த கருத்து வேறுபாடு

வாமெயின் வலிமையில் இன்றும் இரண்டு எண்கள் நிற்கின்றன. அமெரிக்க மையம் ஒரு நிமிடச் சராசரிக் காற்றை மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் என்றது. ஜப்பானிய வானிலை முகவை பத்து நிமிடச் சராசரியாக மணிக்கு 85 கிலோமீட்டர் என்று பதிந்து, அதைத் தைஃபூன் வகையில் சேர்க்கவில்லை. ஒரு நிமிடச் சராசரி எப்போதும் பத்து நிமிடச் சராசரியைவிடச் சற்று மிகுந்தே இருக்கும் என்றாலும், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாகாது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் சில புயலின் கண்ணைச் சூழ்ந்து பெருங்காற்று வீசும் வளையமான சிறிய கண்சுவருக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டு, அங்கிருந்து காற்றின் வேகத்தை அறிவித்தன. அக்கப்பல்கள் அந்த வழியே போயிராவிட்டால் இது ஒரு தைஃபூன் என்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மாதிரிகளை எழுதுவோர் இதை மறக்கக்கூடாது. நாம் ஒரு மாதிரியைச் சரிபார்ப்பது பதிவுகளை வைத்துத்தான். பதிவே இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, எங்கள் மாதிரி புயலின் வலிமையைத் துல்லியமாகச் சொன்னது என்று உரிமை கொண்டாடுவது நேர்மையாகாது. கரைகடந்த இடம், நேரம், மழைப் பரவல், பெருங்காற்றின் வட்டம் எத்துணைச் சிறியது என்பன போன்றவற்றில்தான் வாமெய் நல்ல உரைகல்லாகிறது.

2007-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடோலின் தங்காங்கும் அவருடைய குழுவினரும் எம்எம்5 என்னும் வட்டார வளிமண்டல மாதிரியைக் கொண்டு வாமெயின் வளர்ச்சியையும் அமைப்பையும் உருவகித்தனர். அது வளிமண்டலத்துக்கான மாதிரி. அவ்வகை மாதிரிகளில் கடல் பெரும்பாலும் ஒரு வெப்பநிலைப் படம்தான்: தொடக்கத்தில் தரப்படும், பிறகு மாறாது, அல்லது வெளியிலிருந்து தரப்படுவதற்கேற்ப மாறும். காற்று அதன் மீது எவ்வளவு வீசினாலும் அக்கடல் குளிராது, கலங்காது, ஏறாது, இறங்காது. ஓரிரு நாள் முன்னறிவிப்புக்கு இந்த எளிமை பெரும்பாலும் போதும். ஒரு வாரம் நீளும் எழுச்சிக்கு அது போதுமா என்பதே கேள்வி.

கடலின் தோல்

கடலும் காற்றும் பேசிக்கொள்வது மேற்பரப்பில், ஒரு மெல்லிய தோல் வழியே. அங்கே காற்று கடலுக்கு உந்துவிசை தருகிறது, மழைநீர் தருகிறது, வெயிலைத் தடுக்கவோ விடவோ செய்கிறது. கடல் காற்றுக்கு ஈரமும் வெப்பமும் தருகிறது. இணைப்பு மாதிரி என்பது வளிமண்டல மாதிரி ஒன்றையும் கடல் மாதிரி ஒன்றையும் தனித்தனியே ஓட்டி, குறித்த இடைவெளிகளில் இந்த அளவுகளை அவை கைமாற்றிக்கொள்ளுமாறு செய்வது. அதற்கென ஒயாசிஸ் போன்ற இணைப்பு மென்பொருள்கள் உள்ளன. ஒவ்வொரு மாதிரியும் தன் பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். கட்டங்களின் அளவு இரு மாதிரிகளிலும் வேறுபட்டால், ஒன்றின் எண்களை மற்றொன்றின் கட்டங்களுக்கு ஏற்பப் பங்கிட்டுத் தருவதும் அவற்றின் வேலை. சொல்வதற்கு எளிது; ஆனால் கரையோரத்தில், ஒரே கட்டத்தில் பாதி நிலமும் பாதி நீரும் இருக்கும்போது, அந்தப் பங்கீட்டில் தவறினால் நிலத்தின் சூடு கடலுக்குள் கசிந்துவிடும்.

ஈரத்தின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனெனில் இங்கேதான் மழை பிறக்கிறது. கடற்பரப்பு 28 டிகிரி செல்சியஸில் இருப்பதாகவும், அதன் மீது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எழுச்சிக் காற்று வீசுவதாகவும் கொள்வோம். நீர்ப்பரப்பை ஒட்டிய நிறைவுற்ற காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 23.5 கிராம் நீராவி இருக்கும். வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்றில் 17 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 6.5 கிராம் வேறுபாடும் காற்றின் வேகமும் சேர்ந்து, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 230 வாட் வெப்பத்தைக் கடலிலிருந்து ஆவியாக உறிஞ்சும். நீராகச் சொன்னால் நாளொன்றுக்கு 8 மில்லிமீட்டர். தென்சீனக் கடலின் பரப்பு முழுவதிலும் இவ்வாறு சேரும் ஈரம் ஒரு சுழலில் குவியும்போது என்ன ஆகும் என்பதை நாம் ஜோகூரில் பார்த்தோம்.

இப்போது கடற்பரப்பை ஒரே ஒரு டிகிரி குறைப்போம். நிறைவுற்ற காற்றின் ஈரம் ஏறத்தாழ 1.4 கிராம் குறையும். வேறுபாடு 6.5-இலிருந்து 5.1-ஆக இறங்கும். அதாவது, காற்றில் எதையும் மாற்றாமல் வைத்தால், ஒரு டிகிரியில் ஆவியாதல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. உண்மையில் காற்றும் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதால் இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்பதைக் கையால் கணக்கிட முடியாது. இணைப்பு மாதிரி தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

ஆழமற்ற கடல் வேறு வகை

ஆழ்கடலில் வீசும் புயல் தன் சூட்டைத் தானே கெடுத்துக்கொள்ளும். காற்று நீரைக் கலக்க, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வரும். புயல் கடந்த தடத்தில் கடற்பரப்பு ஓரிரு டிகிரியோ அதற்கு மேலுமோ குளிர்ந்துவிடும். குளிர்ந்த கடலிலிருந்து ஈரம் குறைய, புயல் தளரும். கடலையும் காற்றையும் இணைத்து மாதிரி எழுதவேண்டும் என்பதற்கு நூல்கள் காட்டும் முதல் காரணம் இதுவே. வங்காள விரிகுடாவில்கூட இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பெரிய ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் மேலே தனிப் படலமாக மிதந்து, கலக்கத்தைத் தடுத்துவிடுகிறது.

வாமெய் உருவான இடமோ தென்கிழக்காசியாவின் ஆழமற்ற கடற்பகுதியான சுண்டாத் திட்டு. அங்கே கடலின் ஆழம் பல பத்து மீட்டர்தான். டிசம்பரில் பருவக்காற்று ஏற்கெனவே அந்நீரை மேலிருந்து அடிவரை கலக்கிவிட்டிருக்கும். கிளறி மேலே கொண்டுவர அடியில் தனியாகக் குளிர்நீர் இல்லை. ஆகவே நூல்களில் உள்ள குளிர்த்தடம் இங்கே பெரிதாகத் தோன்ற வழியில்லை. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இங்கே இணைப்பு மாதிரி வேண்டாம், கடலை மாறாததாக வைத்தாலே போதும் என்று முடிவுகட்டியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நானும் சில காலம் அவ்வாறே எண்ணினேன்.

அந்த முடிவு தவறு, அதற்கான காரணமும் அதே ஆழமின்மையில்தான் இருக்கிறது. அடியில் குளிர்நீர் இல்லாவிட்டாலும், மொத்த நீரின் அளவே குறைவு. பெரிய அண்டாவில் உள்ள வெந்நீரை விடத் தட்டில் ஊற்றிய வெந்நீர் விரைவில் ஆறும். ஆவியாதலில் போவது, வெப்பமாகப் போவது, மேகமூட்டத்துக்கிடையே வரும் வெயில் எல்லாவற்றையும் கழித்தும் கூட்டியும் பார்த்து, கடல் சதுர மீட்டருக்கு 150 வாட் நிகரமாக இழக்கிறது என்று கொள்வோம். 40 மீட்டர் ஆழமுள்ள நீர் முழுவதும் சேர்ந்து குளிர்ந்தால் ஒரு நாளைக்கு 0.08 டிகிரி. இது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஏழு நாளில் அது 0.55 டிகிரி. முந்தைய கணக்கின்படி இந்த அரை டிகிரி ஆவியாதலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 20 மீட்டர் ஆழமுள்ள கரையோரத்திலோ குளிர்ச்சி இருமடங்கு.

இத்தோடு நீரோட்டமும் சேர்கிறது. வடகிழக்குக் காற்று வியட்நாமியக் கரையை ஒட்டித் தெற்கே தள்ளும் குளிர்நீர், தென்சீனக் கடலின் நடுவே ஒரு நாக்குப்போல நீண்டு இறங்கும். பருவக்காலத்தில் செயற்கைக்கோள் படங்களில் அந்தக் குளிர்நாக்கைக் கண்கூடாகக் காணலாம். காற்று வலுத்தால் நாக்கு நீளும். நாக்கு நீண்டால் அதன் மேல் மேகம் திரள்வது குறையும், திரளும் இடமும் நகரும். எழுச்சியின் முதல் நாளில் இருந்தபடியே கடலை மாறாமல் வைத்துவிட்டு ஏழாம் நாள் மழையைக் கணிப்பது, காற்று தானே உண்டாக்கிய மாற்றத்தைக் காற்றுக்குத் தெரியாமல் மறைப்பதாகும்.

எனவே நம் கடலில் இணைப்பின் பயன் வேறு கால அளவில் விளைகிறது. ஆழ்கடலில் அது புயலின் கடைசி நாளில் தென்படும். இங்கே அது புயலுக்கு முந்தைய வாரத்தில் சிறுகச் சிறுகச் சேர்கிறது. வாமெயை மறுபடி ஓட்டிப் பார்க்க விரும்பும் எவரும் டிசம்பர் 26-இல் தொடங்கினால் இது தெரியவே தெரியாது. 19 அல்லது 20-இலேயே தொடங்க வேண்டும். அவ்வளவு முன்கூட்டித் தொடங்கினால் வளிமண்டல முன்னறிவிப்பே தடம் மாறிவிடும் என்ற எதிர்வாதம் நியாயமானது. அதற்காகத்தான் தொடக்க நிலைகளைச் சற்றே மாற்றிப் பல முறை ஓட்டி, விடைகளின் பரவலைப் பார்க்கிறோம்.

அளவீடு குறைந்த கடல்

மாதிரிக்குத் தொடக்கம் வேண்டும். தொடக்கத்துக்கு அளவீடு வேண்டும். உலகக் கடல்களில் மிதந்து 2,000 மீட்டர் வரை மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் சுண்டாத் திட்டைப் போன்ற ஆழமற்ற நீருக்கு ஆனவை அல்ல. அகச்சிவப்பு வழியே கடல் வெப்பத்தை அளக்கும் செயற்கைக்கோள்களால் மேகத்துக்குள் பார்க்க முடியாது. எழுச்சியின்போதோ வானம் முழுவதும் மேகம். நுண்ணலை வழியே அளப்பவை மேகத்தை ஊடுருவும், ஆனால் கரையருகே நிலத்தின் கதிர்வீச்சு கலந்துவிடுவதால் அந்த அளவீட்டை விட்டுவிட வேண்டியிருக்கும். தீவுகள் நிறைந்த நம் வட்டாரத்தில் கரையில்லாத இடம் எங்கே இருக்கிறது? வாமெய்க் காலத்தில் குவிக்ஸ்காட் செயற்கைக்கோள் கடல்மேல் வீசிய காற்றை அளந்துகொண்டிருந்தது நம் நல்வாய்ப்பு. எழுச்சி சுழலைச் சுற்றி வளைந்ததைக் காட்ட அது பெரிதும் உதவியது. ஆயினும் கனமழைக்குள் அதன் அளவீடும் பிசகும்.

இந்த நிலையில், கப்பல்களும் துறைமுகங்களும் நாள்தோறும் குறிக்கும் எளிய அளவீடுகளின் மதிப்பை நம் ஊரில் இன்னும் உணரவில்லை என்பது என் வருத்தம். உலகின் மிகுந்த போக்குவரத்துள்ள நீரிணைகளில் ஒன்று நம் வாசலில் ஓடுகிறது.

தீவு எத்தனைக் கட்டம்

சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் பிரிட்டனின் வானிலை அலுவலகத்துடன் சேர்ந்து உருவாக்கிய சிங்வி என்னும் மாதிரி 1.5 கிலோமீட்டர்க் கட்டங்களில் நம் வட்டாரத்தின் இடிமழையைக் கணிக்கிறது. தீவுக்கூட்டப் பகுதிக்கென பிரிட்டனின் யூஎம் வளிமண்டல மாதிரியையும் நீமோ கடல் மாதிரியையும் இணைத்து, 4.5 கிலோமீட்டர்க் கட்டங்களில் இயங்கும் முன்னறிவிப்பு அமைப்பு ஒன்றும் உருவாக்கப்பட்டு, அதன் கடல் கணிப்புகளைப் பற்றிய மதிப்பீடு 2021-இல் வெளியானது. 2001-இல் நம்மிடம் இல்லாதவை இவை.

அந்த 4.5 கிலோமீட்டர் என்பதைத் தரையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிங்கப்பூர் அந்த மாதிரியில் 36 கட்டங்கள். சுமார் 16 கிலோமீட்டர் அகலமுள்ள சிங்கப்பூர் நீரிணைக்குக் குறுக்கே மூன்று அல்லது நான்கு. ஜோகூர்க் கடற்பாலத்தின் அருகே ஒரு கிலோமீட்டர் அளவே அகலமுள்ள ஜோகூர் நீரிணை அதில் நீராகவே தெரியாது. தென்சீனக் கடலின் குளிர்நாக்குக்கு 4.5 கிலோமீட்டர் தாராளம். ஜோகூர் நீரிணையோரத்து உட்லண்ட்ஸ் கரையின் நீர்மட்டத்துக்கு அது குருட்டுக் கண். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கிடைமட்டத்தில் நான்கு மடங்குக் கட்டங்கள் வேண்டும், காலப் படியையும் பாதியாக்க வேண்டும். ஆக எட்டு மடங்குக் கணக்கீடு. அதனால்தான் பெரிய பரப்புக்கு ஒரு மாதிரி, அதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்று பெட்டிக்குள் பெட்டியாக வைக்கிறோம். வெளிப்பெட்டியில் கடல் தவறாக இருந்தால் உள்பெட்டி எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை.

நீர் ஏற்றமும் மழையும் சேரும் இடம்

கடலோர நகருக்குப் புயல் என்பது காற்றும் மழையும் மட்டும் அல்ல. நெடுநேரம் ஒரே திசையில் வீசும் காற்று ஆழமற்ற கடலின் நீரைக் கரைப் பக்கம் குவிக்கும். இதன் கணக்கு எளிது: ஏற்றம் காற்றின் உந்துவிசையோடும் காற்று ஓடிவரும் தூரத்தோடும் கூடும், ஆழத்தோடு குறையும். 60 மீட்டர் ஆழமுள்ள கடலில் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு வினாடிக்கு 15 மீட்டர் காற்று தொடர்ந்து வீசினால், கடைசியில் நீர்மட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு மீட்டர் உயரும். ஆழம் பாதியானால் ஏற்றம் இருமடங்கு. காற்றின் வேகம் இருமடங்கானால் ஏற்றம் நான்கு மடங்கு, ஏன், அதற்கும் மேல். ஏனெனில் காற்று வலுக்க அலைகள் எழுந்து கடற்பரப்பைக் கரடுமுரடாக்கி, காற்றின் பிடியை இன்னும் கூட்டுகின்றன. காற்று மாதிரியில் 10 விழுக்காட்டுப் பிழை இருந்தால் நீர்மட்டத்தில் 20 விழுக்காட்டுப் பிழை வரும் என்பதை இங்கேயே கண்டுகொள்ளலாம். ஆகவே அலை மாதிரியும் இவ்விணைப்பில் மூன்றாவதாக அமர வேண்டும்.

இதே காற்றுதான் மழையையும் கொண்டுவருகிறது. சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டைப் பாருங்கள். 2008-இல் திறக்கப்பட்ட அந்த அணைக்கு ஒன்பது எஃகுக் கதவுகளும் ஏழு பெரும் நீரேற்றிகளும் உள்ளன. கடல் தாழ்ந்திருக்கும்போது கனமழை பெய்தால் கதவுகளைத் தாழ்த்தி நீரைக் கடலுக்கு விடலாம். உயர் ஓதத்தில், அதாவது கடல் ஏறியிருக்கும்போது, அது முடியாது. நீரேற்றிகள் மட்டுமே துணை. ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கனமீட்டர் வீதம், ஏழும் சேர்ந்து 280 கனமீட்டர். அணைக்கு நீர் சேரும் பரப்பு 10,000 ஹெக்டேர், தீவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அங்கே பெய்யும் 50 மில்லிமீட்டர் மழை முழுவதும் வழிந்தோடி வந்தால் 50 லட்சம் கனமீட்டர். ஏழு நீரேற்றிகளும் இடைவிடாது ஓடினாலும் அதை வெளியேற்ற ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். அந்த ஐந்து மணி நேரமும் கடல் எந்த உயரத்தில் இருக்கிறது, எப்போது இறங்கும் என்பதை முன்கூட்டி அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இன்னொரு செய்தி இந்தக் கணக்கின் அடித்தளத்தையே உயர்த்துகிறது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வின்படி, கரிம வெளியேற்றம் மிகுந்தே தொடருமானால் 2100-க்குள் சிங்கப்பூரைச் சுற்றிய கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். தீவில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கரையோரப் பாதுகாப்பையும் பொறுப்பேற்ற பொதுப் பயனீட்டுக் கழகம், கடலிலிருந்து வரும் வெள்ளத்தையும் உள்நாட்டு மழைவெள்ளத்தையும் ஒரே மாதிரியில் சேர்த்துப் பார்க்க முனைந்தது சரியான வழி. அந்த மாதிரிக்கு மழையை ஓரிடத்திலிருந்தும் கடல்மட்டத்தை வேறிடத்திலிருந்தும் கொண்டுவந்து தராமல், இரண்டையும் ஒரே இணைப்பு மாதிரியிலிருந்து தரவேண்டும் என்பது என் கருத்து. தனித்தனியே எடுத்தால் மழையின் உச்சமும் கடலின் உச்சமும் ஒரே நேரத்தில் வரும் வாய்ப்பை நாமாகவே ஊகிக்க வேண்டியிருக்கும். உண்மையிலோ இரண்டுக்கும் தாய் ஒன்றே.

செய்ய வேண்டிய சோதனை

வாமெயை வைத்து நான் செய்ய விரும்பும் சோதனை மூன்று ஓட்டங்களைக் கொண்டது. முதலாவது, டிசம்பர் 20-இல் தொடங்கி, கடலை மாறாததாக வைத்து ஓட்டுவது. இரண்டாவது, அதே வளிமண்டலத்தைக் கடல் மாதிரியுடனும் அலை மாதிரியுடனும் இணைத்து ஓட்டுவது. இவ்விரண்டுக்கும் இடையே 27-ஆம் தேதி காலையில் ஈரம், சுழலின் இடம், கரைகடக்கும் நேரம் ஆகியவை எவ்வளவு விலகுகின்றன என்பது, முந்தைய ஏழு நாள்களின் பங்கை நேரடியாகக் காட்டும். ஒருமுறை அல்ல, தொடக்க நிலைகளை மாற்றி இருபது, முப்பது முறையாவது ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்த விலகல் கடலால் வந்ததா தற்செயலா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது ஓட்டம் நகருக்கானது. 2001 டிசம்பர் 30 முழுநிலவு நாள். வாமெய் கரைகடந்தது அதற்கு மூன்று நாள் முன்பு, ஓதம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தபோது. முழுநிலவுக்கு ஓரிரு நாள் கழித்தே ஓதம் தன் உச்சத்தை அடையும். ஆகவே மூன்றாவது ஓட்டத்தில் புயலை நான்கு நாள் பிந்தச் செய்து, தடத்தை 60 கிலோமீட்டர் தென்மேற்கே நகர்த்த வேண்டும். 1.15 மீட்டர் உயர்ந்த கடல்மட்டத்துடன் ஒருமுறை, உயராத மட்டத்துடன் ஒருமுறை. விடையாக நமக்கு வேண்டியது ஒரு வண்ணப்படம் அல்ல. மரினா அணைக்கட்டின் கதவுகள் தொடர்ந்து எத்தனை மணி நேரம் மூடியே இருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் அணையின் உட்புறம் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யும் என்ற இரண்டு எண்கள்.